பூச்சி மாத்திரை: எந்தப் புழுவுக்கு எது, எத்தனை முறை, ஏன்?

குடற்புழுவுக்கு ஒரு மாத்திரை போட்டால் கதை முடிந்தது என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. 400 மி.கி. ஆல்பெண்டசோல் மாத்திரையை ஒரே ஒரு வேளை கொடுத்தால், உருளைப்புழு உள்ள நூறு பேரில் ஏறக்குறைய 95 பேருக்கு அது முழுமையாகப் போய்விடுகிறது. கொக்கிப்புழு என்றால் அந்த எண்ணிக்கை 80 அளவுக்கு இறங்கும். சாட்டைப்புழு என்றால் சுமார் 30 பேர்தான் தேறுவார்கள். கீரிப்பூச்சியை அதே மாத்திரை நன்றாகவே கொல்லும். ஆனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு மாத்திரை போடாவிட்டால், சில வாரங்களில் பழைய அரிப்பு திரும்பி வந்திருக்கும். நாடாப்புழுவுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் வேறொரு மருந்தையே கொடுப்பார்கள்.

மாத்திரை ஒன்றாக இருந்தும் விளைவு இவ்வளவு மாறுகிறதே, ஏன்? அந்தப் புழு குடலில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, உடலுக்குள் எப்படி வந்தது, வெளியில் அதன் முட்டைகள் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பவற்றில்தான் விடை இருக்கிறது. இது புரிந்துவிட்டால், மருத்துவர் ஒருவருக்கு ஒரு வேளை மாத்திரையும் இன்னொருவருக்கு மூன்று நாள் மாத்திரையும் எழுதுவது ஏன் என்பதும், வீட்டில் ஒரு பிள்ளைக்கு அரித்தால் எல்லோரும் மருந்து சாப்பிட வேண்டும் என்பது ஏன் என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

முதலில் எதிராளியைத் தெரிந்துகொள்வோம்

உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு மண்வழிப் பரவும் குடற்புழுத் தொற்று இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவற்றில் முக்கியமானவை மூன்று: உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு.

உருளைப்புழுதான் இவற்றில் பெரியது. பெண் புழு ஒரு சாணுக்கும் மேல் நீளும், 35 செ.மீ. வரை வளர்வதும் உண்டு. அது குடல் சுவரைக் கவ்விப் பிடித்துக்கொள்வதில்லை. சிறுகுடலின் உள்வெளியில், உணவின் ஓட்டத்தை எதிர்த்து நீந்திக்கொண்டேதான் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொள்கிறது. அதனால் ஒரு நாள் அதன் தசை வேலை செய்யாமல் போனாலும், குடல் அதைத் தள்ளி வெளியேற்றிவிடும். மருந்துக்கு இது எளிதில் அகப்படுவதற்குக் காரணம் இதுதான். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு சுமார் 2 லட்சம் முட்டைகள் இடும். மலத்தோடு வெளியேறும் முட்டை மண்ணில் சில வாரங்கள் முதிர்ந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வருகிறது. அழுக்குக் கையோடும் கழுவாத காய்கறியோடும் அது வாய்க்குள் போனால், குடலில் பொரியும் இளம்புழு நேராக அங்கேயே தங்கிவிடுவதில்லை. குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தில் ஏறி, கல்லீரல் வழியாக நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, மறுபடி விழுங்கப்பட்டு, சிறுகுடலில் வந்து வளர்கிறது. முட்டையை விழுங்கியதிலிருந்து அது முட்டையிடத் தொடங்கும் வரை இரண்டு முதல் மூன்று மாதம் ஆகும்.

கொக்கிப்புழு ஒரு செ.மீ. நீளம்தான், ஆனால் மூன்றிலும் அதிகம் கெடுதல் செய்வது இதுதான் என்பது என் கருத்து. அது வாய் வழியாக வர வேண்டியதில்லை. மாசுபட்ட ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால், அதன் இளம்புழு தோலைத் துளைத்தே உள்ளே வந்துவிடும். குடலுக்கு வந்ததும் சுவரைக் கடித்துப் பிடித்து இரத்தம் உறிஞ்சும். ஒரு வகைக் கொக்கிப்புழு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.03 மி.லி. இரத்தம் போகிறது, இன்னொரு வகையில் 0.15 மி.லி.க்கும் மேல். ஒரு புழு என்றால் உடலுக்கு அது தெரியவே தெரியாது. நூறு, இருநூறு புழுக்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தால், மாதவிடாயில் ஏற்கெனவே இரும்புச்சத்தை இழக்கும் ஒரு பெண்ணுக்கோ, வளரும் குழந்தைக்கோ இரத்த சோகை வந்து நின்றுவிடும். ஆகவே கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது. இழந்த இரும்புச்சத்தை ஈடுகட்டும் மாத்திரையும் சில மாதங்கள் கூடவே வேண்டும். புழு போன மறுநாளே இரத்தம் ஊறிவிடாது.

சாட்டைப்புழு பெருங்குடலில் வாழ்கிறது. அதன் முன்பகுதி நூலைப் போல மெலிந்திருக்கும். அந்த நூல் முழுவதையும் குடலின் உட்தோலுக்குள் தைத்து வைத்துக்கொண்டு, தடித்த பின்பகுதியை மட்டும் வெளியே விட்டிருக்கும். வாய்வழி கொடுக்கும் மருந்து ஒரே வேளையில் இதை அசைக்கத் திணறுகிறது.

இவற்றோடு இன்னும் மூன்று. கீரிப்பூச்சி, அதாவது ஊசிப்புழு, பெரும்பாலும் குழந்தைகளின் ஆசனவாயில் இரவில் அரிப்பைத் தருவது. நாடாப்புழு, சரியாக வேகாத இறைச்சி வழியாக வந்து, மீட்டர் கணக்கில் நீளும் புழு. கடைசியாக ஸ்ட்ராங்கிலாய்டிஸ், மிகச் சிறியது, பலருக்குப் பெயரே தெரியாதது, மருத்துவருக்கு அதிகக் கவலை தருவது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு மூன்றும் மனித உடலுக்குள் பெருகுவதில்லை. அவை இடும் முட்டைகள் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். ஒருவர் குடலில் 40 புழுக்கள் இருந்தால், 40 முட்டைகளோ இளம்புழுக்களோ வெளியிலிருந்து உள்ளே வந்திருக்கின்றன என்று பொருள். பாக்டீரியாவுக்கும் இவற்றுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இது. பாக்டீரியாவில் கொஞ்சம் மிச்சம் விட்டால் அது மறுநாளே பெருகிவிடும். புழுவில் 40ஐ 3 ஆகக் குறைத்தால், வெளியிலிருந்து புதிதாக எதுவும் வராத வரை அது 3 ஆகவே இருக்கும். உடலுக்கு வரும் கேடு புழுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், முழுக்கக் குணமாகாத சிகிச்சையிலும் நல்ல பலன் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் 'எத்தனை பேர் குணமானார்கள்' என்பதோடு 'மலத்தில் முட்டைகள் எவ்வளவு குறைந்தன' என்பதையும் தனியாக அளப்பது இதனால்தான்.

மருந்து புழுவை என்ன செய்கிறது?

ஆல்பெண்டசோலும் மெபெண்டசோலும் ஒரே குடும்பத்து மருந்துகள். புழுவின் உயிரணுவுக்குள்ளும் நம் உயிரணுவுக்குள்ளும் நுண்குழல்கள் என்ற மெல்லிய இழைகள் உண்டு; கட்டட வேலையில் நிறுத்தும் சாரத்தைப் போல, அவற்றைப் பற்றிக்கொண்டுதான் செல்லுக்குள் சரக்குப் போக்குவரத்து நடக்கிறது. டியூபுலின் என்ற புரதத்தை அடுக்கி அடுக்கி இந்த நுண்குழல்கள் உருவாகின்றன. மருந்து புழுவின் டியூபுலினில் ஒட்டிக்கொண்டு அந்த அடுக்கலைத் தடுத்துவிடுகிறது. புழுவின் குடல் செல்கள் குளுக்கோஸை இழுத்துக்கொள்ள முடியாமல் போகின்றன. சேமித்து வைத்த சர்க்கரையைச் செலவழித்துத் தீர்த்தபின் புழு சாகிறது. மனித டியூபுலினிலும் இந்த மருந்து ஒட்டும்தான், ஆனால் புழுவின் டியூபுலினோடு ஒட்டுவதைவிடப் பல மடங்கு தளர்வாக. போதாததற்கு, விழுங்கிய மருந்தில் சிறு பங்கே இரத்தத்தில் சேர்கிறது. புழுவுக்கு நஞ்சாகி நமக்கு நஞ்சாகாமல் இருப்பது இந்த இரண்டு காரணங்களால்.

புழு பட்டினியால் சாகிறது என்பதால், மாத்திரை போட்ட அன்றே அது செத்துவிடாது. சில நாட்கள் ஆகும். மாத்திரை போட்டு மறுநாள் மலத்தில் எதுவும் தெரியவில்லை என்று இன்னொன்றைக் கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பைரண்டெல் வேறு வழியில் தாக்குகிறது. புழுவின் நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பும் இடத்தில் போய் உட்கார்ந்து, தசையை இடைவிடாமல் சுருங்க வைத்து விறைப்பு வாதத்தை உண்டாக்குகிறது. நீந்த முடியாத உருளைப்புழு மலத்தோடு வெளியே வந்துவிடும். லெவாமிசோலும் இதே வகை. பைப்பரசின் என்ற பழைய மருந்து இதற்கு நேர்எதிர். அது தசையைத் தளர்த்திச் செயலிழக்க வைக்கும். ஒன்று இறுக்குகிறது, மற்றது தளர்த்துகிறது என்பதால் பைரண்டெலையும் பைப்பரசினையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றன் வேலையை மற்றொன்று கெடுக்கும். சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

ஐவர்மெக்டினின் பின்னணி எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணிலிருந்து சத்தோஷி ஓமுரா ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவில் மெர்க் நிறுவனத்தில் இருந்த வில்லியம் கேம்பல் குழுவினர் அது சுரக்கும் பொருள் ஒட்டுண்ணிகளைக் கொல்வதைக் கண்டறிந்தார்கள். முதலில் கால்நடைகளுக்குப் பயன்பட்டு, 1987ல் மனிதர்களுக்கும் வந்தது. இருவருக்கும் 2015ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. முதுகெலும்பற்ற உயிர்களின் நரம்பிலும் தசையிலும் மட்டுமே உள்ள ஒருவகைக் குளோரைடு வாயிலை இது திறந்து வைத்துவிடுகிறது; புழு செயலிழக்கிறது. நம் உடலில் அந்த வாயில் கிடையாது. அதை ஒத்த வேறு வாயில்கள் மூளையில் இருந்தாலும், மருந்து மூளைக்குள் நுழையாதபடி இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு நிற்கிறது.

நாடாப்புழுவுக்கான பிராசிகுவாண்டெல், அதன் தசைக்குள் கால்சியத்தைப் பாயவிட்டு இறுகச் செய்கிறது, அதன் மேல்தோலையும் சிதைக்கிறது. அதே புழுவுக்குக் கொடுக்கும் நிக்லோசமைடு அதன் ஆற்றல் உற்பத்தியையே முறிக்கிறது.

இப்போது பேதி மருந்து எதற்கு?

பூச்சி மாத்திரைக்குப் பிறகு பேதிக்குக் கொடுத்துப் புழுவை வெளியேற்ற வேண்டும் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அது ஆதாரமில்லாமல் வந்த எண்ணம் அல்ல. ஒரு காலத்தில் அதுதான் சரியான மருத்துவம்.

1909ல் ஜான் டி. ராக்ஃபெல்லர் 10 லட்சம் டாலர் கொடுத்து, அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கொக்கிப்புழு ஒழிப்புக்காக ஓர் ஆணையம் தொடங்கப்பட்டது. அங்கே கொடுத்த மருந்து தைமால். அது புழுவைக் கொன்றது. ஆனால் உடலில் அதிகம் சேர்ந்தால் நோயாளியையும் கொல்லும். ஆகவே தைமாலைக் கொடுத்து, பிறகு எப்சம் உப்பைக் கொடுத்துப் பேதியாக்கி, புழுவையும் மிச்ச மருந்தையும் சேர்த்து வெளியேற்றினார்கள். எண்ணெயும் சாராயமும் தைமாலை உடலுக்குள் இழுத்துவிடும் என்பதால் அன்று அவற்றைத் தொடவே கூடாது என்றார்கள். அதற்குப் பின் 1920களில் கார்பன் டெட்ராகுளோரைடு வந்தது. இன்று கல்லீரல் நஞ்சு என்று நாம் அறிந்த அதே பொருளை மக்களுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். உருளைப்புழுவுக்குக் கொடுத்த சாண்டோனின், பார்க்கும் எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டியது.

1961ல் தயாபெண்டசோல், 1970களில் மெபெண்டசோல், பின் ஆல்பெண்டசோல் என்று வந்தபிறகு இந்த நிலை அடியோடு மாறியது. இந்த மருந்துகளுக்குப் பேதியும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம். பலவீனமான குழந்தைக்குப் பேதி கொடுத்து நீரிழப்பை வரவழைப்பதுதான் இன்று உண்மையான ஆபத்து.

எவ்வளவு, யாருக்கு?

மண்வழிப் புழுக்களுக்கு இன்று உலகெங்கும் கொடுக்கும் அளவு எளிமையானது: ஆல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே வேளை, அல்லது மெபெண்டசோல் 500 மி.கி. ஒரே வேளை. எடை பார்த்துக் கணக்கிட வேண்டியதில்லை. ஒன்று முதல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆல்பெண்டசோல் பாதி, அதாவது 200 மி.கி. ஒரு வயதுக்குக் கீழே வழக்கமாகக் கொடுப்பதில்லை. பைரண்டெல் மட்டும் எடைக்கேற்றபடி: கிலோவுக்கு 11 மி.கி., அதிகபட்சம் 1 கிராம்.

ஆல்பெண்டசோலும் மெபெண்டசோலும் ஒன்றுதானே என்று நினைத்துவிட வேண்டாம். கொக்கிப்புழுவிடம் ஒரு வேளை மெபெண்டசோல் மூன்றில் ஒருவரைத்தான் குணமாக்குகிறது; ஆல்பெண்டசோல் ஐந்தில் நால்வரை. உருளைப்புழுவில் இரண்டும் சமம். சாட்டைப்புழுவில் மெபெண்டசோல் சற்று மேல், ஆனால் இரண்டுமே போதாது. ஆகவே சாட்டைப்புழு அதிகம் உள்ளவருக்கு மருத்துவர் மூன்று நாள் தொடர்ந்து மாத்திரை எழுதுவார், அல்லது ஆல்பெண்டசோலோடு ஐவர்மெக்டினைச் சேர்ப்பார். தனித்தனியே திணறும் இந்த இரண்டும் சேர்ந்தால் சாட்டைப்புழுவை நன்றாக வெளியேற்றுகின்றன.

சிறு குழந்தைக்கு மாத்திரையை முழுதாகக் கொடுப்பது கூடவே கூடாது. அழும் குழந்தையின் வாயைப் பிடித்துத் திறந்து மாத்திரையைத் திணித்து, அது மூச்சுக்குழலில் சிக்கி இறப்புகள் நேர்ந்திருக்கின்றன. மருந்தால் நேராத இழப்பு, கொடுத்த விதத்தால் நேர்ந்தது. மூன்று வயதுக்குக் கீழே என்றால் நன்றாகப் பொடித்து, தண்ணீரில் கலந்து, குழந்தை அமைதியாக இருக்கும்போது கொடுங்கள். பெரிய பிள்ளைகள் மென்று தின்னட்டும்.

சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்ற கேள்விக்கு ஒரு சுவையான விடை உண்டு. கொழுப்புள்ள உணவோடு ஆல்பெண்டசோலை எடுத்தால் அது இரத்தத்தில் சேரும் அளவு ஐந்து மடங்கு வரை கூடுகிறது. மூளையிலும் கல்லீரலிலும் இருக்கும் நாடாப்புழுவின் நீர்க்கட்டிகளைக் கொல்ல மருந்து இரத்தத்தில் ஏறத்தான் வேண்டும். அங்கே கொழுப்பு உணவோடு கொடுப்பார்கள். குடலுக்குள் இருக்கும் புழுவுக்கு மருந்து குடலில் இருந்தால் போதும், எப்படி எடுத்தாலும் சரி.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ஆல்பெண்டசோலும் மெபெண்டசோலும் வேண்டாம். குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் பெண்கள் மாத்திரைக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. நான்காம் மாதத்திலிருந்து, கொக்கிப்புழுவும் இரத்த சோகையும் அதிகமுள்ள இடங்களில் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

பக்க விளைவு பெரும்பாலும் லேசான வயிற்றுவலி, குமட்டல், தலைவலி, அதுவும் ஒரே நாளில் போய்விடும். புழு அதிகம் உள்ளவர்களுக்குத்தான் இவை கூடுதலாக வருகின்றன. நீர்க்கட்டிகளுக்காக வாரக்கணக்கில் ஆல்பெண்டசோல் எடுப்பவர்களின் நிலை வேறு. அவர்களுக்குக் கல்லீரலையும் வெள்ளை அணுக்களையும் இடையிடையே பரிசோதிக்க வேண்டும்.

கீரிப்பூச்சி: ஒருவருக்கு வந்தால் வீட்டுக்கே வந்தது

கீரிப்பூச்சியின் பெண் புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து, தோல் மடிப்பில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டுவிட்டுச் சாகிறது. அந்த முட்டைகள் சில மணி நேரத்திலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். மண்ணில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தை சொறிகிறது, நகக்கண்ணில் முட்டை ஏறுகிறது, விரல் வாய்க்குப் போகிறது. படுக்கை விரிப்பு, துண்டு, விளையாட்டுப் பொருள் என்று எல்லாவற்றிலும் முட்டைகள் ஒட்டி, இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும்.

முட்டைகள் மலத்தில் அதிகம் கலப்பதில்லை. ஆகவே மலப் பரிசோதனையில் இது பெரும்பாலும் தெரியாது. காலையில் எழுந்ததும், கழுவுவதற்கு முன், ஒட்டும் தெளிவான டேப்பை ஆசனவாய்ப் பகுதியில் ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் முட்டைகள் தெரியும். இரவில் விளக்கடித்துப் பார்த்தால் வெள்ளை நூல் போன்ற புழுவையே பார்த்துவிடலாம்.

ஆல்பெண்டசோல், மெபெண்டசோல், பைரண்டெல் மூன்றில் எதுவும் இதற்குப் போதும். மருந்து வளர்ந்த புழுவைக் கொல்கிறது. முட்டையை நம்பும்படி கொல்வதில்லை. எனவே இரண்டு வாரம் கழித்து அதே டோஸை மறுபடி கொடுக்க வேண்டும். இடையில் விழுங்கிய முட்டைகளிலிருந்து வந்த புழுக்கள் முட்டையிடத் தொடங்குவதற்குள் அவற்றைப் பிடித்துவிடலாம். வீட்டில் இருக்கும் எல்லோரும், அரிப்பு இல்லாதவர்களும், ஒரே நாளில் சாப்பிட வேண்டும். நகங்களை ஒட்ட வெட்டுவது, காலையில் குளிப்பது, உள்ளாடையும் படுக்கை விரிப்பும் வெந்நீரில் துவைப்பது ஆகியவை மாத்திரை அளவுக்கே முக்கியம். 'மருந்து கேட்கவில்லை' என்று வருத்தப்படும் பெற்றோரில் பெரும்பாலோர் இரண்டாம் டோஸை விட்டவர்கள், அல்லது அந்த ஒரு குழந்தைக்கு மட்டும் கொடுத்தவர்கள். பிள்ளை இனிப்பு தின்றதால் புழு வந்தது என்று அதைக் கடிந்துகொள்வதையும் விட்டுவிடலாம். இனிப்பிலிருந்து புழு பிறப்பதில்லை.

இரண்டு இடங்களில் நின்று நிதானிக்க வேண்டும்

முதலாவது நாடாப்புழு. பிராசிகுவாண்டெல் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. ஒரே வேளை, குடலில் உள்ள நாடாப்புழு போய்விடும். ஆனால் பன்றி நாடாப்புழுவின் முட்டையை விழுங்கியவருக்கு, அதன் இளம்புழு மூளைக்குப் போய் நீர்க்கட்டியாகத் தங்கியிருக்கக்கூடும். வலிப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம். பிராசிகுவாண்டெல் இரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகிறது. அங்கே தூங்கிக் கிடந்த கட்டிகள் சாகும்போது சுற்றிலும் வீக்கம் ஏற்பட்டு வலிப்பு வரலாம். வலிப்போ நாள்பட்ட கடும் தலைவலியோ உள்ளவர் இந்த மருந்தைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. நிக்லோசமைடு குடலைத் தாண்டி உறிஞ்சப்படுவதில்லை என்பதால் அத்தகையவர்களுக்கு மருத்துவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதுண்டு. மூளையில் கட்டி இருப்பது உறுதியானால், ஸ்டீராய்டின் துணையோடு ஆல்பெண்டசோல் கொடுப்பது தனிச் சிகிச்சை. அது மருத்துவமனையில் நடக்க வேண்டியது.

இரண்டாவது ஸ்ட்ராங்கிலாய்டிஸ். உடலுக்குள் பெருகுவதில்லை என்று மேலே சொன்ன விதிக்கு இது விலக்கு. இதன் முட்டை குடலுக்குள்ளேயே பொரிந்து, சில இளம்புழுக்கள் அங்கேயே தொற்றும் நிலைக்கு வளர்ந்து, குடல் சுவரைத் துளைத்து அதே உடலில் புதிய சுற்றைத் தொடங்குகின்றன. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவில் கைதிகளாக இருந்து ஊர் திரும்பிய வீரர்களிடம், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் புழு உயிரோடு இருந்ததை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். அத்தனை காலமும் லேசான வயிற்று உபாதை, தோலில் வந்துபோகும் தடிப்பு, இவ்வளவுதான் தொந்தரவு. ஆனால் அப்படிப்பட்ட ஒருவருக்கு ஆஸ்துமாவுக்கோ மூட்டு நோய்க்கோ ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்பாற்றலைக் குறைத்தால், புழு கட்டுக்கடங்காமல் பெருகி, குடல் கிருமிகளையும் சுமந்துகொண்டு உடல் முழுவதும் பரவி உயிரைக் குடித்துவிடும்.

ஒரு வேளை ஆல்பெண்டசோல் இதற்குப் போதாது. மருந்து ஐவர்மெக்டின், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், ஓரிரு நாள். இங்கே 'பெரும்பாலும் குறைந்தது' என்பதில் பயனில்லை. ஒன்று மிஞ்சினாலும் மறுபடி பெருகும். நீண்ட நாள் ஸ்டீராய்டு தொடங்கும் முன், இந்தப் புழு பரவலாக உள்ள பகுதிகளில் வாழ்ந்தவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஐவர்மெக்டினுக்கும் ஓர் எல்லை உண்டு: 15 கிலோவுக்குக் கீழ் எடையுள்ள குழந்தைகளுக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை. மத்திய ஆப்பிரிக்காவில் லோவா லோவா என்ற கண்புழுத் தொற்று மிகுந்திருப்பவர்களுக்கு அது கடும் மூளைப் பாதிப்பை உண்டாக்கலாம்.

பரிசோதிக்காமலே எல்லோருக்கும் கொடுப்பது சரியா?

புழுத்தொற்று ஐந்தில் ஒருவருக்கு மேல் இருக்கும் பகுதிகளில், யாருக்குப் புழு என்று பார்க்காமல், குழந்தைகள் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பாதிப் பேருக்கு மேல் என்றால் இரண்டு முறை. மாத்திரையைவிட மலப் பரிசோதனைக்குச் செலவு அதிகம், புழு இல்லாதவருக்கு மாத்திரையால் கேடு மிகக் குறைவு என்ற கணக்கில் எழுந்த திட்டம் இது. கிளாக்ஸோஸ்மித்க்ளைன் ஆல்பெண்டசோலையும், ஜான்சன் அண்ட் ஜான்சன் மெபெண்டசோலையும் இதற்கு இலவசமாகத் தந்து வந்துள்ளன.

இதன் பலன் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே நீண்ட வாதம் உண்டு. கென்யாவின் பள்ளிகளில் நடந்த ஆய்வை 2004ல் வெளியிட்ட எட்வர்ட் மிகுவல், மைக்கேல் கிரெமர் இருவரும், மாத்திரை கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் வராமல் இருப்பது நான்கில் ஒரு பங்கு குறைந்ததாகக் கண்டார்கள். 2015ல் அந்தத் தரவை மறுபடி ஆராய்ந்தவர்கள் அதில் பிழைகளைச் சுட்டினார்கள். காக்ரேன் அமைப்பு எல்லாச் சோதனைகளையும் தொகுத்து 2019ல் வெளியிட்ட மதிப்பாய்வு, ஒட்டுமொத்தமாகக் கொடுக்கும்போது சராசரி எடையிலோ படிப்பிலோ பெரிய மாற்றம் தெரியவில்லை என்றது. இந்த வாதத்தைப் படித்துவிட்டு 'அப்படியென்றால் மாத்திரையே வீண்' என்று முடிவுகட்டுவோரைப் பார்க்கும்போது எனக்குக் கவலை வருகிறது. விவாதம் சராசரியைப் பற்றியது. புழு இல்லாத பத்துப் பேரையும் புழு நிறைந்த இருவரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், அந்த இருவரின் நலம் கணக்கில் கரைந்துவிடும். புழு இருப்பது தெரிந்த குழந்தைக்கு மருந்து கொடுக்க வேண்டுமா என்பதில் எந்தத் தரப்புக்கும் சந்தேகம் இல்லை.

நான் கவனிக்க விரும்புவது வேறு. செருப்பும் கழிப்பறையும் சுத்தமான தண்ணீரும் இல்லாத இடத்தில் மாத்திரை மட்டும் கொடுத்தால், மண்ணில் இருக்கும் முட்டைகளை அது தொடுவதே இல்லை. உருளைப்புழுவின் முட்டை சாதகமான மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். சில மாதங்களிலேயே அதே பிள்ளைகளின் குடலில் மறுபடி புழு சேர்ந்துவிடும். ஆட்டு மந்தைகளில் இதே மருந்துகளை ஓயாமல் கொடுத்து, டியூபுலினில் மாற்றம் கொண்ட புழுக்கள் தழைத்து, பல பண்ணைகளில் மருந்து வேலை செய்யாமலே போயிருக்கிறது. மனிதப் புழுக்களிலும் அதே மாற்றங்கள் சில இடங்களில் தென்பட்டிருக்கின்றன. வெவ்வேறு வழியில் தாக்கும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதில் இப்போது ஆர்வம் கூடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்து வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்?

மலத்தில் புழு விழுவதைப் பார்ப்பது அளவுகோல் அல்ல. உருளைப்புழு விழுந்தால் கண்ணில் படும். கொக்கிப்புழுவும் சாட்டைப்புழுவும் பெரும்பாலும் தெரியாது. நாடாப்புழு மருந்துக்குப் பின் குடலிலேயே சிதைந்து செரித்துவிடுவதும் உண்டு. மண்வழிப் புழுக்கள் என்றால் இரண்டு முதல் மூன்று வாரம் கழித்து மலத்தில் முட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்த்தால், செத்த புழு ஏற்கெனவே இட்ட முட்டைகளும், சற்று நேரம் செயலிழந்து மீண்ட புழுக்களும் குழப்பும். மிகத் தள்ளிப் பார்த்தால், தெரிவது மிச்சமா புதிதாக வந்ததா என்று பிரிக்க முடியாது. நாடாப்புழுவுக்கு ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் பார்ப்பார்கள். தலைப்பகுதி பிழைத்திருந்தால் அதற்குள் மறுபடி துண்டுகள் விழத் தொடங்கியிருக்கும்.

குழந்தைக்கு வயிறு உப்பி, வாந்தி நிற்காமல், மலமும் காற்றும் போகாமல் இருந்தால், உருளைப்புழுக்கள் பந்தாகச் சுருண்டு குடலை அடைத்திருக்கலாம். அந்த நிலையில் வீட்டில் புழு மருந்து எதையும் கொடுக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எந்த மருந்தை எப்போது கொடுப்பது, அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதை அங்கே முடிவு செய்வார்கள்.